ஏற்காட்டுக் குளிரில் ஆமைக்குச் சளி பிடித்தபோது

எங்கள் வீட்டில் இருப்பது சுல்காட்டா ஆமை. சஹாராவின் தெற்கு ஓரத்துப் பிராணி. இரண்டு கிலோகூட இல்லாத அந்தக் குட்டி, ஏற்காட்டின் ஐப்பசி மூடுபனியைத் தாங்குவது லேசான காரியம் இல்லை. போன வருஷம் விடாத மழை, கரண்டும் இல்லை. அது முடிந்தபோது ஆமையின் மூக்கில் நுரை கட்டியிருந்தது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விட்டது. செம்பருத்தி இலையைக் கண்டால் ஓடி வருவது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது. சளியை இருமித் தள்ள முடியாது. அது நுரையீரலிலேயே தங்கி நிமோனியாவாகிவிடும். தானாகச் சரியாகட்டும் என்று விடக்கூடாது.

முதலில் காட்டிய இடத்தில் பூச்சி மருந்தும் சேர்த்துப் போடலாம், ஐவர்மெக்டின், என்றார்கள். மாட்டுக்கும் நாய்க்கும் வழக்கமாகக் கொடுப்பதுதான். ஆமைக்கு அது விஷம், உயிரையே எடுத்துவிடும். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆமை வளர்ப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒரு பெயரையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, அதுவும் முன்னங்காலில். பின்னங்காலில் போட்டால் மருந்து நேரே சிறுநீரகத்துக்குப் போய்விடக்கூடும் என்பதால் அப்படி. "ஊசி பாதி வேலைதாங்க. உடம்பு சூடாகலைன்னா மருந்து எடுபடாது" என்றார் டாக்டர். ஆமை தன் உடம்பில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது. வெளியே குளிர்ந்தால் நோயை எதிர்க்கும் சக்தியும் சேர்ந்து படுத்துவிடும்.

அதனால் மரப்பெட்டிக்கு உள்ளே தெர்மோகோல் அடித்து, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை மேலே தொங்கவிட்டோம். முட்டை பொரிக்கிற இன்குபேட்டருக்குப் போடும் தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டி, இரவும் பகலும் 30 டிகிரியில் வைத்தோம். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றி உள்ளே வைப்போம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவு, கால் மணி நேரம் உட்கார வைத்தோம். பகலில், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் அனேகமாக இருக்காது.

நுரை நின்ற பிறகும் பசி வர நாளாயிற்று. எனக்குத் தூக்கமே இல்லை. கடைசியில் முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடலைக் கடித்தது. அம்மா, "சாப்பிடுது கண்ணு, சாப்பிடுது" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். மறுநாளே அருகம்புல்லுக்கும் வாய் வைத்தது.

பக்கத்து எஸ்டேட்டில் ஒருவர் இதே முறையில் நட்சத்திர ஆமை வளர்க்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமான சுல்காட்டாவையே 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் மழை பிடிப்பதற்கு முன்பே சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டுக்கு இறக்கிவிடப் போகிறோம். அங்கே மொட்டை மாடியில் வெயில் நன்றாக அடிக்கும். பெட்டியும் ஹீட்டரும் கூடவே போகும்.