அந்த ராத்திரி நிலா இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் என் எம்டன் நாவலுக்கு விருது கொடுத்தார்கள். கேடயம், சால்வை, ஐயாயிரம் ரூபாய். ராயபுரத்திலிருந்து அக்கா இரண்டு பஸ் மாறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். 'இளையோருக்கான வரலாற்று நாவல்' என்று மைக்கில் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் தபாலில் இன்னொன்று வந்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. சில உயிர்கள் போயின. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பினார்கள். எங்கள் பாட்டி அடங்காத பிள்ளைகளை 'சரியான எம்டன்' என்றுதான் சொல்வாள். என் கதையில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகன், பதின்மூன்று வயதுப் பையன், அந்தக் களேபரத்தில் காணாமல் போன தங்கையைத் தேடிக்கொண்டு கடற்கரை நெடுக ஓடுகிறான்.

இதை எழுதத் தைரியம் வந்ததே 2023-இல்தான். கீழடியைப் பின்னணியாக வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' என்ற இளையோர் நாவலுக்கு அந்த வருடம் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. 2010-லிருந்து கொடுக்கிறார்கள், ஐம்பதாயிரம் ரூபாயும் செப்புப் பட்டயமும். பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கதையாகச் சொன்னால் மதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு நம்பிக்கை வந்தது.

புத்தகம் வந்த எட்டு மாதத்தில் ஆறு மதிப்புரைகள் வந்தன. எழுதிய ஆறு பேருக்கும் மனதார நன்றி. ஒருவர் நான் பார்த்த பழைய பத்திரிகைகளைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர், சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார். நான் தேடியவரை அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, அதனால்தான் சேர்க்கவில்லை. நல்ல கேள்விகள்தான். ஆனால் ஆறு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். காணாமல் போன அந்தத் தங்கையைப் பற்றி ஆறு பேரில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அது என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் இந்தத் தபால். நந்தனம் புத்தகக் காட்சியில் வடசென்னை அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் பன்னிரண்டு பிரதி வாங்கிப்போனார். அவருடைய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. லாங் சைஸ் நோட்டிலிருந்து கிழித்த நாலு பக்கம். மார்ஜினுக்கு வெளியே ஒரு எழுத்துகூடப் போகவில்லை. பிடித்த இடங்களை நீல மையிலும் சந்தேகங்களைப் பச்சை மையிலும் எழுதியிருந்தாள். முதல் பச்சை வரி இது: 'ஏழாம் அத்தியாயத்தில் நிலா வெளிச்சத்தில் கப்பல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தாத்தாவின் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அன்று மூன்றாம் பிறை.'

எனக்குக் கை சில்லிட்டுப்போனது. உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1914 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணம், அப்படியானால் அது அமாவாசை. அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் தள்ளினால் செப்டம்பர் 19 மகாளய அமாவாசை. மூன்றாம் பிறை எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடும். ஒன்பதரை மணிக்குக் கடலில் கும்மிருட்டு. கப்பல் தேடுவிளக்கைப் போடும்வரை அங்கே ஒன்று நிற்பதே அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது. நான் எழுதியதைவிட அது எவ்வளவு பயங்கரமான காட்சி! மூன்று வருடம் அந்த அத்தியாயத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு இது தோன்றவில்லை. நடுவர்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த பச்சை வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி ஆரம்பம். அப்படியென்றால் அன்று மூன்றாவது நாள். உங்கள் கதையில் எந்த வீட்டிலும் கொலு இல்லையே. தங்கச்சி கொலு பார்க்கத்தான் போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.'

நான் அவளைக் கடைத்தெருக் கூட்டத்தில் தொலைத்திருந்தேன். எந்த ஊரிலும், எந்த வருடத்திலும் ஒரு குழந்தை அப்படித் தொலையலாம். இந்தப் பெண் சொன்னது 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையில் மட்டும் நடக்கக்கூடியது.

சரி, ஆனால் மூட்டை தூக்குகிறவரின் மகளை அந்தக் காலத்தில் யார் கூடத்துக்குள் விட்டிருப்பார்கள்? ரெண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே பாட்டு கேட்கும், விளக்கு தெரியும், பொம்மைகளில் மேல்படி மட்டும் கண்ணுக்கு எட்டும். அவள் திண்ணைக்குக் கீழே நின்றிருப்பாள்.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன், இரண்டாம் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதிப் போட்டுவிட்டேன், நன்றிப் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்க்க வீட்டில் சம்மதமா என்றும் கேட்டிருக்கிறேன். ஏழாம் அத்தியாயத்தை முழுக்க எடுத்துவிட்டு நேற்று ராத்திரி புதிதாக ஆரம்பித்தேன். முதல் குண்டு விழும்போது தங்கை திண்ணைக்குக் கீழே நிற்கிறாள். அண்ணனுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிய சுண்டல், வாழையிலைத் துண்டில், இன்னும் சூடு ஆறாமல் அவள் கையில் இருக்கிறது.