ஆறிப்போன டீயும் ஒரு பழைய அட்டவணையும்

டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் போனில் லண்டன் வட்டாரச் சுகாதார அதிகாரிகளின் பழைய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறப்பு இத்தனை, இறப்பு இத்தனை, தொற்றுநோய் இத்தனை. இரண்டாம் உலகப் போர் நடந்ததே தெரியாத மாதிரி கட்டம் கட்டமாக.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) என்ற வரியில் கண் நின்றுவிட்டது.

1940-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது கொன்றது 2,480 பேரை. பெரும்பாலும் குழந்தைகள். அந்த ஆண்டுக் கடைசியில்தான் அரசு இலவசத் தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில்!

1945-இல் 722 பேர்.

சிசு மரணமும் அப்படித்தான். 1941-இல் ஆயிரத்துக்கு 60. போர் முடியும்போது 46. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ பால் கொடுத்ததற்கும் இதில் பங்குண்டு என்பேன்.

கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில், கட்டி முடிக்காத சுரங்க ரயில் நிலையத்தில் குண்டுக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் ராத்திரி தூங்கினார்கள். இவ்வளவு நெருக்கத்தில் கொள்ளைநோய் கிளம்பிவிடும் என்று அதிகாரிகளுக்குப் பயம். பயந்த அளவுக்கு வரவில்லை.

வந்தது வேறு. 1943 மார்ச் 3, விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதிய இரவு. மங்கலான வெளிச்சம், ஈரப் படிகள். கீழே ஒரு பெண் இடறி விழ, பின்னால் வந்தவர்கள் மேலே மேலே சரிந்தார்கள். மூச்சுத் திணறியே 173 பேர் இறந்தார்கள். அன்று அங்கே குண்டே விழவில்லை.

அதில் 62 பேர் குழந்தைகள்.

எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டவர்களோ.