தொட்டியில் தோற்ற விண்கலம்

கட்டப்படாமல் போன விண்கலங்களின் வடிவமைப்புகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். எஞ்சினைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே தொடக்கத்தில் எண்ணியிருந்தேன். வென்ச்சர்ஸ்டார் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

எந்தப் பகுதியையும் வழியில் கழற்றி விடாமல் சுற்றுப்பாதைக்குச் சென்று, முழுதாகத் திரும்பி, மீண்டும் பறக்க வேண்டிய கலம் அது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் எஞ்சினை வைத்துக் கணக்கிட்டால், புறப்படும்போது இருக்கும் எடையில் ஏறக்குறைய 88 விழுக்காடு எரிபொருளாகவே இருக்க வேண்டும். தொட்டி, எஞ்சின், வெப்பக் கவசம், சக்கரங்கள், சுமை எல்லாம் எஞ்சிய 12 விழுக்காட்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

அதற்கு முன்னோட்டமாக நாசாவும் லாக்ஹீட் மார்ட்டினும் 1996இல் தொடங்கிய எக்ஸ்-33, இறக்கையின்றி உடலாலேயே மிதக்கும் வடிவம் கொண்டது. அதன் வயிற்றை வீணாக்காமல் நிரப்புவதற்காக, ஹைட்ரஜன் தொட்டியை எளிய உருளையாக அல்லாமல் பல மடல்கள் ஒட்டிய வடிவில், கார்பன் இழைத் தோல்களுக்கு நடுவே தேன்கூட்டு அடுக்கு வைத்துச் செய்தார்கள். 1999 நவம்பரில் நடந்த சோதனையில், கடுங்குளிரில் உட்தோலில் உண்டான நுண்விரிசல்கள் வழியாக ஹைட்ரஜன் தேன்கூட்டு அறைகளுக்குள் கசிந்தது. தொட்டியைக் காலி செய்த பிறகு வெப்பம் ஏற ஏற, உள்ளே சிக்கியிருந்தது வாயுவாக விரிந்து தோலைப் பிரித்துவிட்டது. மணி வடிவக் கூம்பு இல்லாத புதுமையான ஏரோஸ்பைக் எஞ்சினோ தரைச் சோதனைகளில் நன்றாகவே எரிந்தது. 2001 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது.

கலத்தின் வடிவத்தைத் தொட்டியின் மீது சுமத்தியதே இங்கு நேர்ந்த அடிப்படைப் பிழை என்பது என் கருத்து. பிரிட்டனில் உருவான ஸ்கைலான் வடிவமைப்பு என்னைக் கவர்ந்ததற்கும் இதுவே காரணம்: அதில் தொட்டிகள் தனி அலுமினியக் கலன்களாகச் சட்டகத்துக்குள் தொங்கும், வெளித்தோல் வெப்பத்தை மட்டும் தாங்கினால் போதும். அதற்கு முந்தைய ஹோட்டால் வடிவமைப்பில் எஞ்சினை வாலில் வைத்ததால் எடைமையம் பின்னுக்குப் போய், அதைச் சரிசெய்வதிலேயே சுமைத்திறன் கரைந்தது. ஸ்கைலானில் எஞ்சின்கள் இறக்கை நுனிகளுக்கு நகர்ந்தன.

வளிமண்டலக் காற்றையும் இழுத்து எரியும் அதன் சேபர் எஞ்சினுக்கான முன்குளிர்விப்பான், மாக் 5 (ஒலியைப் போல் ஐந்து மடங்கு) வேகத்தில் உள்ளே பாயும் காற்றின் வெப்பத்தை நொடியின் சிறு பகுதியில் இறக்கிவிடும் என்பதை 2019இல் கொலராடோவில் நடந்த தரைச் சோதனை காட்டியது. 2024இல் நிதியின்றி, அதை உருவாக்கிய நிறுவனம் முடங்கியது. சட்டகமும் தொட்டியும் வரைபடத்தை விட்டு வெளியே வரவே இல்லை.