ஆளில்லாத நிலங்கள்

கனவில் கண்டதை அப்படியே வரைந்தேன் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. கண் விழித்துப் பல் துலக்குவதற்குள் பாதி போய்விடும். பிரஷைக் கையில் எடுக்கும்போது ஒரு வெளிச்சமும் ஒரு தூரமும்தான் மிச்சம். என் படங்களில் ஏன் ஆளே இல்லை என்று கேட்பவர்கள் பெரிய தத்துவத்தை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு முகங்கள்தான் முதலில் மறந்துபோகின்றன, வேறொன்றுமில்லை.

ஜெர்மானிய ஓவியர் டியூரர் மட்டும் விதிவிலக்கு. 1525 ஜூனில் ஓர் இரவு, வானத்திலிருந்து பெருவெள்ளம் கொட்டுவதாகக் கனவு கண்டு உடல் நடுங்க விழித்தவர், காலையிலேயே அதை வாட்டர்கலரில் போட்டுவிட்டார். முதல் நீர்த்தாரை எத்தனை மைல் தள்ளி விழுந்தது என்பது வரை படத்துக்குக் கீழே கைப்பட எழுதியும் வைத்தார். படத்தில் தட்டையான வெளி, பொடிப்பொடியாக மரங்கள், மேலிருந்து நீலக் கறையாக இறங்கும் தண்ணீர். அலங்காரம் எதுவும் கிடையாது. மறப்பதற்குள் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

மற்றவர்கள் வரைந்ததெல்லாம் நினைவைத்தான். இத்தாலிய ஓவியர் தெ கிரிக்கோ நோயிலிருந்து தேறிவந்த சமயத்தில் ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் முதன்முறை பார்ப்பதுபோல் இருந்ததாம். 1910-இல் வரைந்த படத்தில் அந்தச் சதுக்கம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அவர் 1913-இல் வரைந்த இன்னொரு படத்தில் நிலையக் கடிகாரம் மதியம் இரண்டை நெருங்குகிறது. நிழல்களோ சாயங்காலத்துக்குரிய நீளம். சுவருக்குப் பின்னால் ஒரு ரயில். முன்னால் படுத்திருக்கும் சிலையைத் தவிர யாருமில்லை. பார்த்தவுடன் என்ன தப்பு என்று புரியாது, ஏதோ தப்பு என்று மட்டும் உறுத்தும். கனவின் இலக்கணமே அதுதான் என்பேன்.

அவருடைய படம் ஒன்றைப் பாரிஸில் பேருந்திலிருந்து பார்த்துவிட்டுக் குதித்து இறங்கியவர் பிரெஞ்சு ஓவியர் ஈவ் தாங்கி. முறையாக ஓவியம் பயிலாதவர். அவர் நிலங்களில் கட்டிடம்கூட இல்லை. எலும்பா கூழாங்கல்லா என்று சொல்ல முடியாத உருவங்கள் சாம்பல் வெளியில் கிடக்கின்றன. பிற்காலப் படங்கள் சிலவற்றில் தொடுவானக் கோடும் கரைந்து, தரை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. 1955-இல் அவர் இறந்தபின், மனைவி கே சேஜ் மூடுபனிக்குள் சாரம் கட்டிய கோபுரங்களை நிறுத்தி ஒரு படம் வரைந்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

தாங்கியிடம் நான் கற்றுக்கொண்டது நிழல். காகிதம் முழுக்க சாம்பலும் துளி மஞ்சள் காவியும் கலந்து ஈரத்தோடு ஒரு வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) கொடுப்பேன். காய்ந்ததும் நடுவில் ஒரு கல். அப்போதும் அது வெறும் வண்ணம் பூசிய காகிதம், கல் அந்தரத்தில் தொங்கும். கல்லின் அடியிலிருந்து மெல்லிய பிரஷால் கருநீல நிழலை ஒரு பக்கமாக இழுத்ததும் காகிதம் தரையாகிவிடும். நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் வெயில், மசங்கினால் மேகமூட்டம். தரையைத் தனியாக வரையவே வேண்டாம்!

ஸ்பானிய ஓவியர் டாலியின் படத்தில் வரும் உருகும் கடிகாரங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை (திட்டுபவர்கள் திட்டலாம்). ஆனால் அதே 1931 படத்தின் பின்னணியில் வெயில் படும் பாறை இருக்கிறதே, அவர் வாழ்ந்த கத்தலோனியக் கடற்கரையின் பாறை, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் சொன்ன கதைப்படி நிலக்காட்சிதான் முதலில் தயாரானது, கடிகாரங்கள் பிறகு வந்தவை. வராமலே இருந்திருக்கலாம்.

இப்போது வரைந்துகொண்டிருக்கும் படத்தில் ஒரு நீளச் சுவர் மட்டும் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். ரயில் வைக்க முடியாது, கிரிக்கோ வைத்துவிட்டார். எனக்கோ நிழலை இடப்பக்கம் இழுப்பதா வலப்பக்கமா என்பதே இன்னும் தீரவில்லை.