மின்சாரம் போன பிறகு வரும் ஆபத்து

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் மாடித் தொட்டி நீர்மட்டத்தை அளக்க நான் செய்து வைத்த கருவியில், எல்.எம்.358 என்ற பழைய ஆப்-ஆம்ப் (மின்சைகையைப் பெருக்கும் சிப்) பல ஆண்டுகள் ஒழுங்காக உழைத்தது. ஆனால் 5 வோல்ட் மின்வழங்கலில் அதன் வெளியீடு ஏறத்தாழ 3.5 வோல்ட்டைத் தாண்டாது, சென்சாரோ 4.5 வோல்ட் வரை தரும். ஆகவே தொட்டி நிரம்பும் தறுவாயில் அளவு எப்போதும் தவறியது. ரிச்சி தெருவுக்குப் போய், சுழியம், மின்வழங்கல் என்ற இரு மின்னழுத்த எல்லைகளையும் ஏறத்தாழத் தொடக்கூடிய சீமாஸ் (CMOS) வகை ஆப்-ஆம்ப் ஒன்றை வாங்கி, அதே சாக்கெட்டில் செருகினேன். அடுத்த மின்தடையைத் தாண்டி அது உயிரோடு திரும்பவில்லை. இன்னொன்றை வைத்தேன், அதுவும் அப்படியே போயிற்று.

மின்சாரம் இல்லாத ஒரு மாலையில், போர்டில் இருந்த எல்.இ.டி. மங்கலாக ஒளிர்வதைக் கண்டபோதுதான் காரணம் பிடிபட்டது. சென்சார் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. போர்டுக்கு மட்டும் வீட்டு மின்சாரம். அது நின்றதும், சென்சார் தரும் 4.5 வோல்ட், ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் காலுக்கும் மின்வழங்கல் காலுக்கும் இடையே சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வழியாக நுழைந்து, போர்டு முழுவதையும் இயக்க முயன்றிருக்கிறது. நிலை மின்னின் நொடிப்பொழுதுத் தாக்குதலைத் தாங்குவதற்கான அந்த டயோடு, மணிக்கணக்கில் மின்னோட்டத்தைச் சுமக்க அமைக்கப்பட்டதல்ல. இந்த நிலையில் மின்சாரம் திரும்பினால், சிப்புக்குள் மறைந்திருக்கும் தைரிஸ்டர் (ஒருமுறை திறந்தால் மின்னோட்டம் நிற்கும் வரை மூடாத சுவிட்ச்) போன்ற அமைப்பு விழித்துக்கொண்டு, மின்வழங்கலையே குறுக்குச் சுற்றாக்கிவிடவும் கூடும். எல்.எம்.358-இல் மேல் எல்லைக்கு அத்தகைய டயோடு கிடையாது. மின்வழங்கல் எவ்வளவாக இருந்தாலும் அதன் உள்ளீடு 32 வோல்ட் வரை பொறுக்கும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. அந்தப் பொறுமையை என் திறமை என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

தீர்வு மலிவானது: உள்ளீட்டில் தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். டயோடில் விழும் 0.6 வோல்ட்டைக் கழித்தால் மிஞ்சும் 3.9 வோல்ட்டுக்கு மின்னோட்டம் 0.39 மில்லி ஆம்பியர்தான். சீமாஸ் உள்ளீடு இழுப்பது பைக்கோ ஆம்பியர் அளவே என்பதால் அளவீட்டில் பிழையும் சேராது. அந்த ரெசிஸ்டருக்குப் பின் 100 நானோ ஃபாரட் கெபாசிட்டரைத் தரைக்கு இணைத்தால், 159 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலும் வடிகட்டப்படும்.

சிப்பின் டயோடுக்குத் துணையாக வெளியில் டயோடு சேர்ப்பவர்கள், குறைந்த மின்னழுத்தத்திலேயே திறக்கும் ஷாட்கி வகையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். மூடியிருக்கும்போது அதில் கசியும் மின்னோட்டம் 2 மைக்ரோ ஆம்பியர் என்றாலும், 10 கிலோ ஓமில் 20 மில்லிவோல்ட் பிழையாகிவிடும். மேலும், டயோடு மின்னோட்டத்தை 5 வோல்ட் மின்வழங்கல் தடத்துக்குத் தள்ளினால், அதை உறிஞ்ச யாராவது வேண்டும். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் சாதாரண ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் கொடுக்குமே தவிர வாங்காது. அதனால் அந்தத் தடத்துக்கும் தரைக்கும் இடையே 5.6 வோல்ட்டைத் தாண்டினால் மின்னோட்டத்தைத் தரைக்கு வடிக்கும் ஜீனர் டயோடு ஒன்றை வைத்தேன்.

மோட்டார் ஓடத் தொடங்கும்போது வரும் அதிர்ச்சிக்கு, மின்வழங்கல் காலை ஒட்டியே ஒரு 100 நானோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர். சிப்பில் பயன்படாத மற்றொரு ஆப்-ஆம்பின் உள்ளீட்டை அந்தரத்தில் விடாமல், வெளியீட்டை எதிர் உள்ளீட்டோடு சேர்த்து, நேர் உள்ளீட்டுக்குப் பாதி மின்னழுத்தம் கொடுத்துவிட்டேன்.

பிறகு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். எல்.இ.டி. ஒளிரவில்லை.