ப்ளூமெனாவில் ஒரு பனியன்காரன்

முப்பது வருசமாகத் திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறேன். அக்டோபரில் வேலையாக பிரேசில் போக வேண்டி வந்தது. சாவோ பாவ்லோவில் மூன்று நாளில் வேலை முடிந்ததும் கூட வந்தவர்கள் ரியோவுக்குக் கிளம்பினார்கள். நான் தெற்கே, சான்டா கத்தரீனா மாநிலத்தில் இருக்கும் ப்ளூமெனாவுக்குப் போனேன்.

காரணம் ஹெரிங். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஹெர்மன் ஹெரிங் ஒரு நிட்டிங் மெஷினும் ஒரு பெட்டி நூலும் வாங்கிப் போட்டு, சகோதரர் புரூனோவோடு 1880-இல் தொடங்கிய கம்பெனி அது. ஹெரிங் என்றால் ஜெர்மனில் ஒரு வகை மீன். இன்றைக்கும் அவர்கள் முத்திரையில் இரண்டு மீன்கள். அவர்களுடைய அருங்காட்சியகத்தில் பழைய மெஷின் ஒன்றின் முன்னால் நின்றபோது, என் அப்பா கடன் வாங்கி இறக்கிய முதல் மெஷின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

பிரேசில் இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு பெரியது. அமேசான் காடும் கால்பந்தும்தான் அந்த நாடு என்று நினைத்திருந்தேன். இங்கே பார்த்தால் வாழைத்தோப்புக்கு நடுவே கூரான ஓட்டுக்கூரை போட்ட ஜெர்மன் வீடுகள். ஹெர்மன் ப்ளூமெனாவ் என்ற மருந்தாளர் 1850-இல் 17 பேரைக் கொண்டு இட்டாஜாய் ஆற்றங்கரையில் ஏற்படுத்திய குடியிருப்பு இது. நொய்யலோரத்து ஆளான எனக்கு ஆற்றங்கரைத் துணி ஊர் என்றாலே ஒரு ஒட்டுதல். ஆனால் இந்த ஆறு பொல்லாதது. 1983-லும் 84-லும் 15 மீட்டருக்கு மேல் ஏறி ஊரை மூழ்கடித்திருக்கிறது. நொந்துபோன சனங்களைத் தேற்றத்தான் 1984-இல் இங்கே ஜெர்மன் பாணி பீர் விழாவான அக்டோபர் திருவிழாவை ஆரம்பித்தார்கள்.

மறுநாள் பக்கத்து ஊரான பொமெரோடிக்குப் போனோம். எங்களைக் காரில் கூட்டிப்போன பெரியவருக்கு எழுபது வயசிருக்கும். ஏஜென்ட் ஆபீஸ் பையன் மொழிபெயர்த்தான். அவருடைய தாத்தா கட்டிய வீட்டைக் காட்டினார். மரச்சட்டங்களை ஆணியில்லாமல் மரமுளை அடித்துக் கோத்து, இடைவெளியில் செங்கல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் உளியால் ரோமன் எண் கொத்தியிருந்தது. தரையில் வைத்து அளவு பார்த்துச் செதுக்கி, எண்ணைப் பார்த்து மேலே ஏற்றிப் பொருத்துவார்களாம். ஏழாம் எண்ணை விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பு இன்னும் கூராகவே இருந்தது.

அவர் மனைவி வாழைப்பழம் அடுக்கி, மேலே சர்க்கரையும் மாவும் வெண்ணெயும் பிசிறித் தூவிச் சுட்ட கூக்கா வைத்தார். ஜெர்மன் கேக்தான், ஆனால் பழம் இந்த மண்ணுடையது. இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது போர்ச்சுகீசும் இல்லை, பள்ளிக்கூட ஜெர்மனும் இல்லை. பொமரேனிய மொழி. பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெரும்பகுதி 1945-க்குப் பிறகு போலந்துக்குப் போய், அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறந்த இடத்தில் ஏறக்குறைய அழிந்துபோன பேச்சு இந்த அடுப்படியில் பிழைத்திருக்கிறது.

அதுவும் சும்மா பிழைக்கவில்லை. பிரேசில் அதிபர் வர்காஸ் ஆட்சியில் 1938 முதல் வேற்றுமொழிப் பள்ளிகளை மூடினார்கள். 1942-இல் பிரேசில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டாம் உலகப் போரில் இறங்கிய பிறகு பொது இடத்தில் ஜெர்மன் பேசினாலே குற்றம். "அப்பாவுக்கு வேறு பாஷையே தெரியாது. கடைக்குப் போனால் சாமானைக் கை காட்டித்தான் வாங்குவார்" என்றார் பெரியவர். தாய்மொழி பேசப் பயந்து ஒரு மனுசன் ஊமையாக நிற்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் வந்து இறங்கியது ஆளில்லாத காட்டில் அல்ல. அது ஷொக்லெங் பழங்குடிகளின் நிலம். காசு கொடுத்து ஆள் வைத்து அவர்களை வேட்டையாடியிருக்கிறார்கள். ப்ளூமெனாவை வெள்ளத்திலிருந்து காக்கக் கட்டிய அணைகளில் ஒன்றும் அவர்களுக்கு மிஞ்சிய நிலத்தில்தான் நிற்கிறது. 2023-இல் அவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழங்குடிகளின் நில உரிமைக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் பெரியவரிடம் கேட்டேன், அவர்கள் இப்போது எங்கே என்று. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஆறு வரும் திசையைக் காட்டினார்.

"மேலே, அணைக்கு அந்தப் பக்கம்."

"அடுத்த தடவை வந்தால் அழைத்துப் போகிறீர்களா?"

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். "நானே போனதில்லை" என்றார்.