வாஷ் இல்லாத டகவுட்

20 ஜூன் 2025, வெள்ளி

ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜர் ரான் வாஷிங்டன், எல்லாருக்கும் வாஷ், மருத்துவ விடுப்பில் போய்விட்டார். டகவுட்டில், அணி உட்காரும் இடத்தில், அவர் இல்லை. எத்தனை நாள் என்று ஏஞ்சல்ஸ் சொல்லவில்லை. ரே மாண்ட்கமரி தற்காலிக மேனேஜர். நியூயார்க்கில் யாங்கீஸ் தொடர் முடியும்போதே வாஷுக்கு மூச்சு வாங்கியதாம், ரொம்பச் சோர்ந்து தெரிந்தாராம். வயது 73. லீக்கிலேயே மூத்த மேனேஜர்.

போன வருடம் 63 வெற்றி, 99 தோல்வி. கிளப் தொடங்கிய நாளிலிருந்து அத்தனை தோல்வி எந்த வருடமும் கிடையாது. இந்த வருடம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இப்போது பார்த்து இப்படி.

21 ஜூன், சனி

செய்தி இல்லை.

22 ஜூன், ஞாயிறு

எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: டெக்சஸ் ரேஞ்சர்ஸை 2010, 2011 இரண்டு வருடமும் உலகத் தொடருக்கு, சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசித் தொடருக்கு, கொண்டுபோன மேனேஜர். கொண்டுபோனார், யார் இல்லை என்றது? ஆனால் வாஷின் நிஜமான வேலை ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்னால், காலி மைதானத்தில் நடப்பது. அதை எழுதுவாரைக் காணோம். இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்ஃபீல்டர், அதாவது பேஸ்களுக்கு அருகே நின்று பந்தை வாங்குகிறவர், இரண்டு முட்டியையும் மண்ணில் ஊன்றி நிற்பார். கையில் ஆட்டத்துக்குப் போடும் பதினொன்றரை அங்குல கிளவ் கிடையாது. தட்டையான, உள்ளங்கையை விடக் கொஞ்சமே பெரிய பயிற்சி கிளவ். வாஷ் சில அடி தள்ளி நின்று ஃபங்கோ என்கிற பயிற்சி மட்டையால் பந்தைத் தட்டிவிடுவார். வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தும் கிளவுக்குச் சற்று முன்னால் மண்ணில் குத்தி எழும்பும். முதலில் நேராக, அப்புறம் கிளவ் பக்கம், அப்புறம் பேக்ஹேண்ட், அதாவது கிளவ் கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி.

முட்டி போட வைப்பது தண்டனைக்கு இல்லை. கால் இருந்தால் ஆள் காலை வைத்துச் சமாளித்துவிடுவான், கையின் குற்றம் வெளியே தெரியாது. காலை எடுத்துவிட்டால் கையும் கண்ணும்தான் மிச்சம். பந்து தெறித்து விழுந்தால் பெரும்பாலும் கிளவ் மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். மண்ணோடு மண்ணாக இருக்கும் கிளவைப் பந்தோடு சேர்த்து மேலே தூக்குவது சுலபம். மேலே இருக்கும் கிளவை, எழும்பாமல் வரும் பந்துக்காகக் கீழே குத்த நேரம் போதாது. கால் நடுவே பந்து ஓடிப்போகிற கண்றாவி எல்லாம் இதனால் வருவதுதான். அதுவும் இல்லையென்றால் மணிக்கட்டு விறைத்திருக்கும், அல்லது முழங்கை வயிற்றோடு ஒட்டியிருக்கும். கை முன்னால் நீண்டிருந்தால்தான் பந்தும் கிளவும் ஒரே பார்வையில் அடங்கும். உடம்புக்கு அடியில் வாங்குகிறவன் கடைசி ஒரு அடியைப் பார்க்காமலே வாங்குகிறான்.

சின்ன கிளவ் ஏன்? விரல் நுனியிலோ வலையிலோ சிக்கவைத்துத் தப்பிக்க முடியாது. உள்ளங்கை நடுவில் வாங்க வேண்டும், மற்றக் கை உடனே மேலே வந்து மூட வேண்டும். பெரிய கிளவ் பொய் சொல்லும், சின்னது சொல்லாது.

இதெல்லாம் ஆன பிறகே எழுந்து நிற்பது. நின்றாலும் முதலில் காலை அகட்டி, நகராமல். பிறகு ஒரு அடி, இரண்டு அடி. எறிவது கடைசி. பயிற்சியாளர்கள் பலர் எடுத்த எடுப்பில் 120 அடி தள்ளி நிற்கவைத்து மட்டையால் விளாசுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

23 ஜூன், திங்கள்

மறுபடி 2011 உலகத் தொடரின் அந்த ஆறாவது ஆட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. வேண்டாம்.

24 ஜூன், செவ்வாய்

ஏஞ்சல்ஸின் கிறிஸ்டியன் மூர்! ரெட் சாக்ஸுக்கு எதிராக இரண்டு ஹோம் ரன். இரண்டாவது ஹோம் ரன்தான் பத்தாவது இன்னிங்ஸில் ஆட்டத்தையே முடித்துவைத்தது. பெரிய லீக்குக்கு வந்து இரண்டு வாரம் கூட ஆகாத பையன்.

அடிப்பதைப் பற்றிக் கவலை இல்லை. செகண்ட் பேஸில் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) திரும்புவதை யார் உட்கார்ந்து சொல்லித்தரப் போகிறார்கள் என்பதே கேள்வி. ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்கிறவன்) தரும் பந்து நெஞ்சு உயரத்தில் வர வேண்டும். செகண்ட் பேஸ்மேன் இடது காலால் பேஸைத் தொட்டபடி வாங்கி, வாங்கும்போதே இடுப்பைத் திருப்ப வேண்டும். வாங்கிவிட்டுத் திரும்பினால் அரை நொடி போச்சு. 2016-ல் சறுக்கல் விதி வந்ததிலிருந்து ஓட்டக்காரன் வேண்டுமென்றே காலை வாரிவிட முடியாது. அந்தத் தைரியத்தில் இந்தத் தலைமுறை பேஸ் மேலேயே நின்று எறிகிறது. 2023-லிருந்து பேஸும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகிவிட்டது, காலுக்கு இடம் அதிகம்.

26 ஜூன், வியாழன்

இன்றைய கணக்கு.

சாதாரண வலதுகை ஆட்டக்காரன் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓட சுமார் 4.3 நொடி. தரையோடு ஓடும் நடுத்தரமான கிரவுண்ட் பால் ஷார்ட்ஸ்டாப்பை வந்தடைய சுமார் 2 நொடி. எறிந்தது முதல் பேஸுக்குப் போய்ச்சேர 1.2 நொடி. மிச்சம் இருப்பது ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல். வாங்குவது, பந்தைக் கைமாற்றுவது, தையலில் விரல் வைப்பது, கால் மாற்றுவது எல்லாம் அதற்குள். பந்து கிளவுக்குள் ஒரு தடவை துள்ளினால் கணக்கு தீர்ந்தது.

எந்தத் துள்ளலில் வாங்குவது என்பதுதான் முழு வித்தையும். தரையில் பட்டவுடனே வாங்கினால் சுலபம். உச்சிக்கு ஏறி இறங்கும்போது வாங்கினாலும் சுலபம். இரண்டுக்கும் நடுவில், பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது மாட்டினால் ஆண்டவன் விட்ட வழி. அந்த நடுவில் மாட்டாமலிருக்க ஒரே வழி கால்: ஒரு அடி முன்னே போ, அல்லது ஒரு அடி பின்னே வா. அப்படியே நின்று பந்து முடிவு செய்யட்டும் என்று விடுகிறவன் பாதி நேரம் நடுவில் மாட்டுவான்.

27 ஜூன், வெள்ளி

இந்த சீசன் முழுக்க வர மாட்டாராம். காரணம் சொல்லவில்லை.

28 ஜூன், சனி

வாஷ் ஆடிய காலத்துப் பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 564 ஆட்டம். அடிக்கும் சராசரி .261. 20 ஹோம் ரன். 1977-ல் டாட்ஜர்ஸுக்காகப் பத்தே ஆட்டம். அப்புறம் மூன்று வருடம் பெரிய லீக்கில் பெயரே இல்லை. 1981 முதல் 86 வரை மினசோட்டா ட்வின்ஸ். 87-ல் பால்டிமோர், 88-ல் கிளீவ்லாந்து, 89-ல் ஹூஸ்டன். வருடத்துக்கு ஒரு ஊர். ஷார்ட்ஸ்டாப், செகண்ட், தேர்ட், எங்கே ஆள் குறைந்தாலும் அங்கே. பெட்டியைப் பிரித்து வைக்காமலே ஆடியவர்.

இந்த மாதிரி ஆட்டக்காரன்தான் நல்ல பயிற்சியாளர் ஆவான் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பிறவித் திறமைக்காரனுக்குத் தான் எப்படி வாங்குகிறோம் என்றே தெரியாது. தேர்ட் பேஸில் ஒரு நாள், செகண்டில் ஒரு நாள் நிற்கிறவனுக்கு ஒவ்வொரு கோணத்தையும் உட்கார்ந்து யோசித்தே தீர வேண்டும். செகண்டிலிருந்து வலப்பக்கம் ஓடி வாங்கினால் எறிவது உடம்புக்குக் குறுக்கே. தேர்டில் யோசிக்கவே நேரம் கிடையாது: மணிக்கு 100 மைல் வேகத்தில் அடித்த பந்து முக்கால் நொடியில் முகத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் பையன் வாஷை 1970-ல் எடுத்தது கன்சாஸ் சிட்டி ராயல்ஸ், ஃப்ளோரிடா சரசோட்டாவில் நடத்திய அகாடமிக்காக. ஓட்டம், கண் பார்வை, அனிச்சை எல்லாம் சோதித்து ஆள் எடுத்து, ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்த இடம். 1974-ல் பணம் வீண் என்று மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த ஃபிராங்க் வைட் செகண்ட் பேஸில் எட்டு கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது) வாங்கினார். வீணாம்!

30 ஜூன், திங்கள்

எரிக் சாவேஸ், தேர்ட் பேஸ், ஓக்லாந்து. 2001 முதல் 2006 வரை வரிசையாக ஆறு கோல்டு கிளவ். 2004-ல் வாங்கியதை வாஷிடமே கொடுத்துவிட்டார், நீங்கள் இல்லாமல் இது இல்லை என்று எழுதி. 1996-லிருந்து பதினொரு சீசன் அங்கே வாஷ்தான் இன்ஃபீல்டு பார்த்தார். 2002-ல் ஸ்காட் ஹாட்டபர்க்கை முதல் பேஸில் நிறுத்தியதும் அவர் தலையில்தான் விழுந்தது. முழங்கை நரம்பு போன கேட்சர், அதுவரை அந்த இடத்தில் நின்றதே இல்லை.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வாஷின் நியூ ஆர்லியன்ஸ் வீட்டை நாசம் செய்தது.

2 ஜூலை, புதன்

செய்தி இல்லை. செய்தி இல்லை என்பதே நல்ல செய்தி என்று சொல்கிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது.

மார்கஸ் செமியன். 2015-ல் ஓக்லாந்து ஷார்ட்ஸ்டாப், 35 எரர், அதாவது ஃபீல்டிங் தப்பு. லீக்கிலேயே அதிகம். அந்த மே மாதம்தான் வாஷை மறுபடி கூப்பிட்டார்கள். தினமும் முட்டி, தினமும் சின்ன கிளவ். மறு வருடம் 21. 2021-ல் டொரான்டோவில் செகண்ட் பேஸுக்குக் கோல்டு கிளவ்.

எறிவதில் வரும் எரருக்குத் தோள்மீது பழி போடுவார்கள். பத்துக்கு எட்டு காலில் இருக்கும். வலது கால் முதல் பேஸுக்குக் குறுக்காக விழ வேண்டும், இடது தோள் இலக்கைக் காட்ட வேண்டும். பந்து தடுமாறினால் ஆள் பதறிக் காலை மாற்றாமல் எறிவான். பந்து முதல் பேஸ்மேனுக்கு இரண்டு அடி முன்னே குத்தும், அல்லது தலைக்கு மேலே போகும். கணக்கில் அது எறிந்த எரர். உண்மையில் வாங்கிய எரர்.

4 ஜூலை, வெள்ளி

பட்டாசு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

அட்லாண்டா பிரேவ்ஸில் 2017 முதல் 2023 வரை தேர்ட் பேஸ் கோச். ஓடி வருகிறவனுக்குக் கையைச் சுற்றிக் காட்டுவதுதானே வேலை என்று நினைப்பு நிறையப் பேருக்கு.

செகண்டில் ஆள் இருக்கிறான், அவுட்ஃபீல்டுக்கு சிங்கிள் போகிறது. கோச் தன் கட்டத்தில் நின்றால் முடிவை முன்னாலேயே சொல்லியாக வேண்டும். ஹோம் பக்கம் இறங்கிப் போய் நின்றால், ஓடி வருகிறவன் தேர்டைத் தாண்டிய பிறகும் நிறுத்தலாம், இரண்டு அடி லாபம். பார்க்க வேண்டியது பந்தை அல்ல, அவுட்ஃபீல்டரின் காலை. நேரே ஓடி வந்து வாங்கினால் எறிவில் பலம் இருக்கும், பக்கவாட்டில் ஓடினால் இருக்காது. பந்து அவன் கைக்குப் போகுமுன் நம் ஆள் தேர்டைத் தொட்டால் அனுப்பு. ஒருவரும் அவுட் இல்லை என்றால் பத்தில் ஒன்பது தேறும் என்ற நம்பிக்கை வேண்டும். இரண்டு பேர் அவுட் என்றால் பத்தில் நான்கு போதும், ஏனென்றால் அடுத்து வருகிறவன் ஹிட் அடிப்பது நாலில் ஒரு தடவைதான்.

8 ஜூலை, செவ்வாய்

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

27 அக்டோபர் 2011, செயின்ட் லூயிஸ், கார்டினல்ஸுக்கு எதிராக உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், வாஷின் ரேஞ்சர்ஸ் 7-5 முன்னால். இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக். கார்டினல்ஸின் டேவிட் ஃப்ரீஸ் அடித்தது ரேஞ்சர்ஸ் அவுட்ஃபீல்டர் நெல்சன் குரூஸ் தலைக்கு மேல் போய் டிரிபிள். சமம். பத்தாவதில் ரேஞ்சர்ஸின் ஹாமில்டன் ஹோம் ரன், 9-7. மறுபடி கடைசி ஸ்டிரைக்குக்கு முன்னால் கார்டினல்ஸின் பெர்க்மன் சிங்கிள். சமம். பதினொன்றில் ஃப்ரீஸ் ஹோம் ரன், கார்டினல்ஸ் 10-9. மறுநாள் ஏழாவது ஆட்டமும் போனது.

எல்லாரும் குரூஸைப் பேசுகிறார்கள். இன்னும் பின்னால் நின்றிருக்க வேண்டும், மாற்று ஆளை இறக்கியிருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு: அன்றைக்கு முதல் பேஸில் மைக்கேல் யங் இரண்டு எரர். 2008-ல் ஷார்ட்ஸ்டாப்பாகக் கோல்டு கிளவ் வாங்கியவர். மறு வருடம் இருபது வயது எல்விஸ் ஆண்ட்ரூஸுக்கு இடம் விட்டு தேர்டுக்குப் போனார். பெல்ட்ரே வந்ததும் அதையும் விட்டார். முதல் பேஸ் அவர் இடமே இல்லை. இன்ஃபீல்டு சொல்லித்தருவதில் பெயர் எடுத்தவரின் அணியில், அந்த ராத்திரியில், இன்ஃபீல்டு எரர். பேஸ்பால் அப்படித்தான் என்பது வாஷே சொல்லிச் சொல்லி டெக்சஸில் சட்டையில் அச்சடித்த வாசகம்.

2 நவம்பர் 2021, ஹூஸ்டன். அதுவும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். கடைசிப் பந்து, குரியல் அடித்த கிரவுண்ட் பால். ஷார்ட்ஸ்டாப்பில் டான்ஸ்பி ஸ்வான்சன் வாங்கி முதல் பேஸில் ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு எறிகிறார். பிரேவ்ஸின் இந்த இரண்டு பேரும் வாஷிடம் முட்டி போட்டவர்கள். சாம்பியன். அந்தப் பந்தை எத்தனை தடவை பார்த்தாலும் என் கண் ஸ்வான்சன் கைக்குத்தான் போகிறது: கிளவ் மண்ணிலிருந்து மேலே வருகிறதா என்று.

15 ஜூலை, செவ்வாய்

ஆல்-ஸ்டார் ஆட்டம். இந்தத் தடவை அட்லாண்டா. 6-6 சமமாகி, ஹோம் ரன் அடிக்கும் போட்டி வைத்துத் தீர்த்தார்கள். ஷ்வார்பர் மூன்று தட்டில் மூன்று. ஒரு கிரவுண்ட் பால் கூட இல்லாமல் முடிந்த ஆட்டம், கேவலம்.

17 ஜூலை, வியாழன்

இன்றும் ஒன்றும் இல்லை.

பேக்ஹேண்டில் எந்தக் கால் முன்னால் என்று ஒரு சண்டை உண்டு. இடது காலைக் குறுக்கே போட்டு வாங்கினால் எட்டும் தூரம் கூடும், ஆனால் எறிய இன்னொரு அடி வேண்டும். வலது காலை ஊன்றி வாங்கினால் அதே காலிலிருந்து எறியலாம், ஆனால் ஒரு அடி எட்டாது. ஷார்ட்டிலிருந்து வலப்பக்கம் ஆழமாகப் போனால் எறி தூரம் 130 அடி, வலது கால்தான் சரி. இரண்டு பேர் அவுட், செகண்டில் ஆள் என்றால் எறியவே வேண்டாம், பந்தைத் தடுத்தால் ஒரு ரன் மிச்சம், அப்போது இடது கால்.